தக்காளிக்கு வலை கட்டிய சூசையண்ணன்

செய்தி வந்தபோது நான் குழித்தட்டுகளில் மிளகாய் விதை ஊன்றிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் தென்னைநார்த் தூள். அலைபேசி இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை புறங்கையால் தட்டி எடுத்தேன். சூசையண்ணனின் மனைவி ரெஜினா அக்கா பேசினார்.

"செல்வி, அண்ணன் போய்ட்டாரு."

எங்கே போனார் என்று கேட்டேன். அவர் எப்போதும் எங்காவது போகிறவர். யாருடைய வயலிலாவது தக்காளி இலை சுருண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டால் பைக்கை எடுத்துவிடுவார். இன்று ரெஜினா அக்காவிடம் சொல்லாமல் கிளம்பிவிட்டார் போல என்றுதான் நினைத்தேன்.

"காலையில பழங்கஞ்சி குடிச்சிட்டுக் கசேரயில இருந்தாரு. பேப்பரு கையிலேயே இருக்கு. நான் வந்து விளிச்சேன். எந்திக்கல்ல, மக்கா."

அதன் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அஞ்சுகிராமத்தைச் சுற்றித் தக்காளி போடுகிற நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கடற்கரைக்காரர், மீன் பிடிக்கத் தெரியாதவர், சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் பூதக்கண்ணாடி வைத்திருப்பவர். உங்களில் பலருடைய வயல் வரப்பில் அவர் குந்தியிருந்து இலையைத் திருப்பிப் பார்த்திருப்பார். ஆனால் அவர் முதன்முதலில் என் நாற்றுப்பண்ணைக்கு வந்த கதையை நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதியில் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இன்று முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

எட்டு வருடம் இருக்கும். இடுப்பில் கைலிச் சாரமும் மேலே சட்டையும், தலையில் வெயிலுக்கு ஒரு தொப்பியுமாக ஒருவர் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதன் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார். உள்ளே ஒரு தக்காளிச் செடி. அதை என் மேசைமேல் வைத்தார். முடிச்சை அவிழ்க்கக் கை நீட்டினேன்.

"தொறக்காதீங்க தங்கச்சி! உள்ள ஆளு இருக்கு."

"என்ன ஆளு?"

"இந்தச் செடிய முடக்கிப் போட்ட ஆளு."

கவரின் உள்பக்கத்தில் நொய்யரிசியில் பாதிகூட இல்லாத வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தன. விரலால் தட்டியதும் பறந்தன. வெள்ளை ஈ. செடியின் இலைகள் மேல்நோக்கிக் கிண்ணம் போலச் சுருண்டு, ஓரம் மஞ்சளித்து, சிறுத்துப்போயிருந்தன. ஒரு பிஞ்சுகூட இல்லை.

"போன மாசம் உங்ககிட்ட ஆளு விட்டு வாங்கின நாத்தாக்கும்," என்றார்.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "எங்க நாத்துல ஒரு கொறையும் கெடையாது. இது வயல்ல வந்த சீக்கு. மருந்து அடிச்சியளா?"

"நாலு தடவ அடிச்சாச்சு."

"நீங்க எந்த ஊரு?"

தம் கடலோர ஊரின் பெயரைச் சொன்னார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "கடக்கரையில இருந்து வந்து தக்காளி போட்டா இப்பிடித்தான் இருக்கும். மண்ணப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன். தட்டு அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் எல்லோரையும்விடச் சத்தமாக அவர் சிரித்தார்.

"மண்ணும் தெரியாது, கடலும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது இந்தப் பூச்சி ஒண்ணுதான் தங்கச்சி."

சண்டை போட வந்தவர் என்றால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். இவர் மறுநாளும் வந்தார். விற்பனைக்குத் தயாராக நின்ற தட்டிலிருந்து இருபது நாற்றும், அதே நாற்றுக்கு நான் போட்ட அதே விதையில் ஒரு கைப்பிடியும் கேட்டார்.

"எதுக்கு?"

"ஒரு பந்தயம். நான் தோத்தா ஒரு மாசம் உங்களுக்குக் களை பறிச்சுத் தாறேன்."

"நான் தோத்தா?"

"அதப் பொறவு பாப்போம்."

அவருடைய வீட்டு மொட்டைமாடியில் இரண்டு பெட்டிகள் செய்தார். நான்கு கம்பு நட்டு, சுற்றிலும் மெல்லிய வலைத்துணி. அந்தத் துணியைத் தாம் வேலை பார்த்த வெளிநாட்டிலிருந்து வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். "எல்லாவனும் செண்டு கொண்டுவாறான், கம்பிளி கொண்டுவாறான். எனக்க வீட்டுக்காரரு கொசுவல கொண்டுவந்திருக்காரு," என்று ரெஜினா அக்கா அன்று என்னிடம் முறையிட்டார். ஒரு பெட்டியில் என் இருபது நாற்று, ஓர் ஈகூட ஒட்டியிராதபடி ஒவ்வொன்றாக ஊதித் துடைத்து வைக்கப்பட்டது. இன்னொரு பெட்டியில் விதை. அது வலைக்குள்ளேயே முளைத்து வலைக்குள்ளேயே வளர வேண்டும்.

நான் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். முதல் வாரம் என் நாற்றுகள் பச்சைப்பசேலென்று நின்றன. இரண்டாவது வாரமும் அப்படித்தான். களைபறிக்க அவருக்கு எந்தப் பாத்தியைக் கொடுக்கலாம் என்று மனத்துக்குள் இடம்கூடப் பார்த்துவைத்தேன். நான்காவது வாரம் போனபோது என் இருபதில் ஏழு சுருண்டிருந்தன. விதையிலிருந்து வந்தவை ஒன்றும் சுருளவில்லை.

"விதையில இருந்திருக்கும்," என்றேன்.

"ரெண்டு பெட்டிக்கும் ஒரே விதைதானே தங்கச்சி. இதுக்குள்ள ஒரு ஈயும் ஏறல்ல. அப்பம் சீக்கு எங்கன வந்துது?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதிலை நானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டார். அது எவ்வளவு பெரிய மரியாதை என்று பின்னால்தான் தெரிந்தது.

பதில் கடினமானது அல்ல. என் பண்ணையைச் சுற்றி அறுவடை முடிந்த கத்திரியும், யாரும் பிடுங்காத பழைய தக்காளியும், களைச்செடிகளும் நின்றன. நோய் பிடித்த செடியில் சாறு உறிஞ்சிய ஈ, வலையில்லாத என் தட்டுகளில் வந்து உட்கார்ந்து அதே வாயால் உறிஞ்சும். அந்த ஒரு கடி போதும். நாற்றுக்கு உள்ளே வைரஸ் ஏறிவிடும். ஆனால் இரண்டு மூன்று வாரம் வெளியே ஒன்றும் தெரியாது. நோய் கண்ணுக்குத் தெரிகிற நாளில் அந்த நாற்று என்னிடம் இருக்காது, வாங்கியவர் வயலில் நிற்கும். அவரும் மருந்து அடிப்பார். மருந்து ஈயைக் கொல்லுமே தவிர, செடிக்குள் ஏறிவிட்டதை எடுக்காது. இத்தனை வருடம் நான் "வயல்ல வந்த சீக்கு" என்று சொன்னதில் எத்தனை முறை சரியாக இருந்தேன், எத்தனை முறை தவறினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது அவர் சொன்னார்: "நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்லணும்னா நீதான் சொல்லணும்." அன்றுதான் என்னை 'நீ' என்றார். நானும் அன்றிலிருந்து அவரை அண்ணன் என்றேன்.

பருவம் தொடங்க இருந்த நேரம். பண்ணை நிறையத் தக்காளி நாற்று, எல்லாவற்றையும் வாங்க ஆட்கள் சொல்லிவைத்திருந்தார்கள். இரண்டு நாள் தட்டுகளையே சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் காலையில் அவரைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் குழிவெட்டி மூடப்போறேன்," என்றேன். "வாறேன்," என்றார். அவ்வளவுதான்.

வந்து ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.  அவரோ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈ பறந்துவிடாதபடி தட்டுகளின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, அப்படியே குழிக்குத் தூக்கினார். நான் எதிர்ப்பக்கம் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி, தம் கடல் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

பதினாறு வயதில் அப்பா அவரைக் கட்டுமரத்தில் ஏற்றியிருக்கிறார். கரை மறையும் முன்பே வாந்தி. இரண்டாம் நாளும் வாந்தி. "மூணாம் நாளு கூட வந்தவனுவ எங்க அப்பாகிட்ட வந்து சொல்லுதானுவ: இவன ஏத்தினா நாங்க மீனப் பாக்கவா, இவனப் பாக்கவா? எனக்க வாந்தியத் தின்னே அந்தப் பக்கத்துச் சாளை மீனெல்லாம் கொழுத்துப் போச்சு, செல்வி!" என்று தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கட்டுமரம் ஆடுவதுபோல ஆடிக் காட்டினார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். சிரித்த சிரிப்பில் என் பக்கத்துத் தட்டு நழுவிக் குழியில் விழுந்தது. "பாத்தியா, அதுவே போவுது," என்றார்.

மீதிக் கதையையும் அன்றுதான் கேட்டேன். கடல் ஆகாது என்றானதும் வெளிநாட்டுக்குப் போனார். டிரைவர் வேலை என்று சொல்லி அழைத்துப் போன ஏஜென்ட், பாலைவனத்தின் நடுவில் ஒரு தக்காளிக் கூடாரத்தில் இறக்கிவிட்டான். அங்கே முதல் ஒரு வருடம் அவருக்கு ஒரே வேலை. ஆட்களோடு பூச்சி நுழையாதபடி இரண்டு கதவுகளுக்கு நடுவே காவல் நிற்க வேண்டும். உள்ளே வருகிறவர்கள் வெளிக்கதவை அடைத்து, உடையைத் தட்டி, கொஞ்சம் நின்ற பிறகே உள்கதவைத் திறக்கலாம். பிறகுதான் செடியைத் தொடவிட்டார்கள், அதற்குப் பிறகு இலைக்கு அடியில் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். "பத்தொம்பது வருசம் வெளிநாட்டுல என்ன படிச்சேன்னு கேட்டா, ஒரு கதவ அடைச்ச பொறவு மத்த கதவத் தொறக்கப் படிச்சேன்," என்பார். இதை நீங்கள் எல்லோரும் அவர் வாயால் கேட்டிருப்பீர்கள்.

அடுத்த பத்து நாள், முந்தைய பருவத்தில் என்னிடம் நாற்று வாங்கியவர்களின் வீடுகளுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அண்ணன் கூட வருவார், ஆனால் உள்ளே வரமாட்டார். சாலையில் பைக்மேல் உட்கார்ந்திருப்பார். ஒருவர் என் முன்னால் வாசல் கதவைச் சாத்தினார். ஒருவர், "இதச் சொல்லதுக்கு இவ்வளவு நாளாச்சோ?" என்று கேட்டார். ஒரு அம்மா தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்லிவிட்டு, பிறகு நிதானமாகத் திட்டினார். அவர்களில் சிலர் இன்றும் என்னிடம் வாங்குகிறார்கள். போனவர்கள் போனவர்கள்தான், அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

வலைக்கூடாரம் கட்டிய நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். வலைத்துணியை வாங்கிவிட்டோம். துண்டுகளை ஈ நுழையாதபடி இணைக்க வேண்டும். அண்ணன் போய்த் தம் மைத்துனர்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். இருவரும் கடலோடிகள், வலை பின்னுவதில் கைதேர்ந்தவர்கள். முப்பது வருடமாக அவரைக் கேலி செய்வதிலும் கைதேர்ந்தவர்கள். மூத்தவர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அத்தான், இந்தக் கண்ணுல நெத்திலிக் குஞ்சுகூட மாட்டாதே. இத வச்சு எதப் பிடிக்கப் போறிய?"

"பிடிக்கதுக்கு இல்லடேய். வராம இருக்கதுக்கு."

"வராம இருக்கதுக்கு வலையா!" மைத்துனர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் தைத்த தையல் இருக்கிறதே, எட்டு வருடத்தில் இரண்டு பெருங்காற்று பார்த்துவிட்டது, இன்னும் பிரியவில்லை. இரண்டு கதவும் வைத்தோம். முதல் வாரம் மைத்துனர்களே இரண்டு கதவையும் ஒன்றாகத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள். அண்ணன் அவர்களை வெளியே தள்ளி, "கதவு ஒண்ணு!" என்று கத்தி, மறுபடி உள்ளே வரவைத்தார். அந்த வருடம் என்னிடம் வாங்கிய எவரும் கவரில் செடி கட்டிக்கொண்டு வரவில்லை.

அவர் எல்லாம் தெரிந்தவர் என்று நான் எழுதினால் அவரே சிரிப்பார். மண்ணில் தக்காளி வளர்க்க அவருக்குத் தெரியாது. கூடாரத்தில் குழாய் வழியாகச் சத்துத் தண்ணீர் சொட்டச் சொட்டப் பார்த்தவர். தம் வயலில் பாத்தி நிறையத் தண்ணீர் விட்டு வேரை அழுகவைத்தார். செடிக்குச் செடி நூல் கட்டி, மேலே கம்பியில் தொங்கவிட்டு, பக்கக் கிளைகளை நகவெட்டியால் வெட்டினார். வயல் கல்யாணப் பந்தல் மாதிரி இருந்தது. வழியில் போன விவசாயிகள் பைக்கை நிறுத்தி, "என்ன அண்ணாச்சி, எப்பம் முகூர்த்தம்?" என்று கேட்டார்கள். நான் போய்த் தண்ணீரை நிறுத்தினேன், நூலைப் பாதியாகக் குறைத்தேன், தொழுஉரம் போடச் சொன்னேன். சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "பூச்சிக்கு நான், மண்ணுக்கு நீ," என்று அன்று பிரித்துக்கொண்டோம். அந்தப் பிரிவினைதான் எங்களைக் கூட்டாளிகளாக்கியது.

கொரோனாப் பொதுமுடக்கம் தளர்ந்த சமயம் கோட்டாறு சந்தையில் நடந்ததை உங்களில் சிலர் நேரில் பார்த்தீர்கள். நம் சரஸ்வதி அக்காவின் தக்காளியில் மஞ்சள் வளையங்கள் விழுந்திருந்தன. பழுத்த சிவப்பின்மேல் வட்டத்துக்குள் வட்டமாக, யாரோ வரைந்துவிட்டதுபோல இருக்கும். இது வெள்ளை ஈ கொண்டுவருவது அல்ல, இலைப்பேன் என்கிற இன்னொரு பூச்சி பரப்புகிற வைரஸ். யாரோ அந்தச் சொல்லை மட்டும் கேட்டுவிட்டார்கள். "வைரஸ் தக்காளி" என்று பேச்சு பரவி, கூடைக்குப் பக்கத்தில் ஆள் வரவில்லை. வியாபாரி எடுக்க மறுத்துவிட்டார். அக்கா கூடைமேல் சேலைத் தலைப்பைப் போட்டு மூடிக்கொண்டு நின்றார்.

அண்ணன் வந்தார். தலைப்பை விலக்கினார். வளையம் பெரிதாக இருந்த மூன்று பழங்களைப் பொறுக்கி, குழாயில் கழுவி, கூட்டத்துக்கு நடுவில் நின்று ஒவ்வொன்றாகத் தின்றார். சாறு தாடையில் வழிந்தது.

"இது செடிக்கு வாற சீக்கு. மனுசனுக்கு ஏறாது. ஏறும்னா பத்தொம்பது வருசம் இந்தச் செடிகளோட கிடந்த எனக்குக் காது ரெண்டும் சுருண்டிருக்கணுமே! பாருங்க, சுருண்டிருக்கா?" என்று இரண்டு காதுகளையும் பிடித்து எல்லோருக்கும் காட்டினார்.

ஒரு பெண் கிட்டே வந்து உண்மையிலேயே உற்றுப் பார்த்தாள். கூட்டம் சிரித்தது. சிரித்த பிறகு பயம் எங்கே நிற்கும்? கூடை காலியானது. போகும் வழியில் சரஸ்வதி அக்காவிடம் மட்டும் தனியாகச் சொன்னார்: "சிரிச்சது சிரிச்சாச்சு. ஆனா வயல்ல பாதி நிக்காதுக்கா. நாளைக்கு வாறேன், பிடுங்குவோம்." மறுநாள் போய்ப் பிடுங்கி, பூச்சி வந்து ஒட்டிக்கொள்ள நீல அட்டைகளில் பசை தடவிக் கட்டினார். வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டைதானே கட்டுவோம், இது ஏன் நீலம் என்று அக்கா கேட்டதற்கு, "அதுக்கு அது பிடிக்கும், இதுக்கு இது பிடிக்கும். எனக்கு ரெஜினாவப் பிடிக்கலியா?" என்றாராம்.

அவர் ஒருமுறை பெரிய தவறும் செய்தார். அதை எழுதாமல் விட்டால் அவருக்குப் பிடிக்காது.

பொன்னையா அண்ணாச்சியின் வயலில் இலை சுருண்டிருக்கிறது என்று ஆடி மாதம் கூப்பிட்டார்கள். அண்ணன் போய்ப் பார்த்து, நோய்தான், உடனே பிடுங்கினால் மீதியாவது பிழைக்கும் என்றார். பாதி வயலைப் பிடுங்கினார்கள். மறுநாள் நான் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். வரப்பில் நின்ற வெண்டையும் அதேபோல முறுக்கிக்கொண்டிருந்தது. காற்று வருகிற பக்கத்துச் செடிகள் மட்டும்தான் முறுகியிருந்தன. பக்கத்து வயலில் விசாரித்தேன். முந்தின வாரம் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள், ஆடிக் காற்று அதை இந்தப் பக்கம் கொண்டுவந்திருக்கிறது. அந்தச் செடிகளில் பல தானாகவே தேறியிருக்கும்.

அண்ணனிடம் சொன்னேன். நான் பார்த்து அவர் வேடிக்கைப் பேச்சு இல்லாமல் இருந்தது அந்த ஒருமுறைதான். "இலையப் பாத்தேன். வரப்பப் பாக்கல்லியே," என்றார். தொப்பியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். "வா" என்றுகூடச் சொல்லாமல் பைக்கை எடுத்தார். நானும் பின்னால் போனேன். பொன்னையா அண்ணாச்சி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, எனக்க தப்பு. அது சீக்கு இல்ல. பக்கத்து வயலுக்க களைக்கொல்லி. பிடுங்க வேண்டாத செடிகளப் பிடுங்க வச்சிட்டேன்."

பொன்னையா அண்ணாச்சி சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். மறுநாள் விடிந்ததும் என் பண்ணைக்கு வந்து நாற்றுத் தட்டுகளை ஏற்றிக்கொண்டு போனார். பிடுங்கிய இடம் முழுக்கத் தாமே நட்டார். தினமும் கடற்கரையிலிருந்து வந்து குடத்தில் தண்ணீர் ஊற்றினார். ஒரு வாரம் பொன்னையா அண்ணாச்சி அவரிடம் பேசவில்லை. எட்டாம் நாள், "வெயிலு ஏறுது, போரும்வே," என்று ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வரப்பில் வைத்தார். அடுத்த வாரம் நான் போனபோது இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, என் ஸ்கூட்டி சத்தத்தைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

அடக்கத்துக்கு நாம் எல்லோரும் போயிருந்தோம். கடற்கரைத் தேவாலயத்தில் அவ்வளவு விவசாயிகளை அந்த ஊர் பார்த்திருக்காது. பெட்டிக்குப் பக்கத்தில் பொன்னையா அண்ணாச்சி நின்றுகொண்டே இருந்தார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மூத்த மைத்துனர் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, எங்க அத்தான் உங்களுக்கெல்லாம் அப்பிடி என்ன செஞ்சாரு?"  பொன்னையா அண்ணாச்சி முந்திக்கொண்டு, "எனக்க தோட்டத்துல பாதியப் பிடுங்கிப் போட்டாரு," என்றார். சொல்லிவிட்டு அவரே அழுதார்.

சரஸ்வதி அக்கா என்ன கொண்டுபோவது என்று தெரியாமல் ஒரு கூடை தக்காளி கொண்டுவந்திருந்தார். ரெஜினா அக்கா அதைப் பார்த்தார். அழுது வீங்கிய முகத்தில் சிரிப்பு வந்தது. "இத வச்சு நான் என்ன செய்ய, மக்கா? நாங்க மீன்கறிக்குப் புளியும் மாங்காயுந்தான் போடுவோம். இவரு இத்தன வருசமா தக்காளி தக்காளின்னு கிடந்தாரே, எனக்க அடுக்களையில ஒரு தக்காளி ஏற விட்டதில்ல. கறியில தக்காளி போடவான்னு கேட்டா 'ஆபீஸ் வேலைய வீட்டுக்குக் கொண்டுவராதட்டி'ன்னு சொல்லுவாரு." சுற்றியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். துக்கத்தின் நடுவில் அப்படிச் சிரிக்கவைத்தவரும் பெட்டிக்குள் இருந்த அவர்தான்.

போன வாரம் என்னை ஒருவர் கூப்பிட்டார். மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம், பெயர் சுடலைமணி. முதன்முதலாகத் தக்காளி போட்டிருக்கிறார். திறந்த பாத்தியில் தாமே நாற்று விட்டு நட்டது. போய்ப் பார்த்தேன். நான்கு செடிக்கு ஒன்று சுருண்டிருந்தது. வரப்பையும் பார்த்தேன், காற்றின் திசையையும் பார்த்தேன், பக்கத்து வயலையும் விசாரித்தேன். சந்தேகமே இல்லை.

"மருந்து ஏதாவது உண்டுமாக்கா?" என்று கேட்டார்.

ஒரு மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவரும் சந்தோஷப்படுவார், நானும் வெயிலுக்கு முன் வீடு சேர்ந்திருப்பேன். "இல்ல தம்பி. சுருண்டத எல்லாம் இன்னிக்கே பிடுங்கணும். அப்பதான் மிச்சம் நிக்கும்," என்றேன். அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். 

சூசையண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது பூச்சியைப் பற்றிய அறிவு அல்ல. அது இப்போது உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. கெட்ட செய்தியைச் சொன்ன பிறகு அங்கிருந்து போய்விடாமல் கூட நிற்கிற பழக்கத்தைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கிழக்கு ஓரத்து முதல் வரிசையில் இறங்கினேன். சுருண்ட ஒவ்வொரு செடியையும் முதலில் பையால் மூடி, பிறகு வேரோடு பிடுங்கினேன். இரண்டு வரிசை முடித்திருப்பேன். நிமிர்ந்து பார்த்தபோது மேற்கு ஓரத்தில் சுடலைமணியும் குனிந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் மனைவியும் ஒரு சாக்கோடு வந்து சேர்ந்தாள்.

நடு வரிசையில் மூவரும் சந்தித்தோம். சுடலைமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிடுங்கிய இடங்களை ஒருமுறை பார்த்தார்.

"இதுல மறுபடி நடலாமாக்கா?"

"நடலாம். வலைக்குள்ள நாத்து நிக்குது. பத்து நாள் பொறுங்க, நானே கொண்டுவாறேன்."